சஷ்டியில் தின்ற சுறா

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், அப்பாவின் லீவும் கந்தசஷ்டியும் ஒரே வாரத்தில் வந்து முட்டிக்கொண்டன. சிட்னியிலிருந்து தெற்கே, கடற்கரையோரமாக ஒரு வாரம் ஆறுதலாகக் கார் ஓட்டிப் போவதென்று அப்பா முடிவு செய்து, தங்குவதற்கு ஊர் ஊராகக் கபின்களையும் பதிந்துவிட்டார். அம்மாவோ சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் பிடிப்பவர். சிட்னியில் அப்போது போய்க் கும்பிட ஒரு முருகன் கோயில்கூட இல்லை. "திருச்செந்தூரும் கடற்கரைதானே?" என்று அப்பா ஒரு போடு போட்டார். முருகன் படமும் கற்பூரமும் ஒரு பெட்டி வாழைப்பழமும் காரில் ஏறின.

பின்சீட்டில் நானும் மாமாவும். மாமா அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து நாலு மாதமாகியிருந்தது. அங்கே அவருக்குப் பேசி முற்றாக்கியிருந்த பெண், கடைசி நேரத்தில் வேறொருவரைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டாள். மனுசன் இடிந்துபோனார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்கமாட்டார். எனக்குச் சொல்லப்பட்டதென்னவோ, மாமாவுக்குப் பிளேனில் வந்த களைப்பு என்று. நாலு மாதக் களைப்பைத் தருகிற பிளேனில் நான் ஒருநாளும் ஏறுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

அப்பாவுக்கு இயற்கைக் காட்சி என்றால் அதன் பக்கத்தில் நட்டிருக்கும் அறிவிப்புப் பலகைதான். வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி, பலகையை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிப்பார். நேரம் மிஞ்சினால் கடலையும் பார்ப்பார். கியாமாவில், பாறைத் துவாரத்துக்குள்ளால் கடல் சீறி எழும்பும் இடத்தில், அவர் மூன்றாம் பந்தியை வாசித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எழும்பி எங்கள் நாலு பேரையும் தலையோடு நனைத்தது. "நல்லதாப் போச்சு, இண்டைக்கு ரெண்டாந்தரம் தோஞ்சாச்சு" என்றார் அம்மா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காருக்குள் ஏறிவிட்டார்.

விரதம் அம்மாவுக்குத்தான் என்றாலும், சஷ்டி முடியும்வரை வீட்டில் ஒருவருக்கும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. அந்த வாரம் கார்தான் வீடு என்றபடியால் காரிலும் கிடையாது. வழியெல்லாம் மீன் பொரிக்கும் வாசம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. மூன்றாம் நாள் நான் பசியில் சிணுங்க, "சிப்ஸ் வாங்கிக் குடு தம்பி, உருளைக்கிழங்கு சைவம்தானே" என்று அம்மா மாமாவோடு என்னை அனுப்பினார். அந்தக் காலத்தில் அந்தச் சிப்ஸ் மாட்டுக்கொழுப்பில் பொரிபட்டது என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாதிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மீன் துண்டுகள் பொன்னிறமாக அடுக்கியிருந்தன. நான் வாய்திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை. மாமா ஒரு துண்டு வாங்கித் தந்தார். படகுத்துறை மர வாங்கில் குந்தியிருந்து அரைவாசி தின்றேன். மிச்சத்தை எறிய மனமில்லாமல் மாமா ஒரு விள்ளல் வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது எங்கடை சுறா எல்லோ!"

எழும்பிக் கடைக்குப் போனவர் மூன்று துண்டோடு திரும்பி வந்தார். கடற்பறவைகள் எங்களைச் சுற்றிக் காவல் நின்றன. அவற்றுக்கு ஒரு துணுக்கும் மிஞ்சவில்லை. பிறகு கையை நாலுதரம் கழுவி மணந்து பார்த்துவிட்டு, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, என்ன?" என்றார்.

"ஓம் மாமா."

அதற்குப் பிறகு சிப்ஸ் வாங்க நாங்களாகவே முன்வந்தோம். நான் ஒரு துண்டோடு நிறுத்துவேன், மாமா நிறுத்தமாட்டார். தின்றுகொண்டே, பள்ளிக்கூட மதில் பாய்ந்து ஓடிய கதைகளைச் சொன்னார். காரில் அப்பாவின் குரலிலேயே இல்லாத பலகைகளை எல்லாம் வாசித்துக் காட்டினார். அப்பாவே சிரித்துவிட்டார்.

எனக்குத்தான் பயம். பின்னேரங்களில் அம்மா முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருப்பார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் கேட்பது கிடைக்காமல் போனால் அதற்கு நான்தான் காரணம், அத்தனை பட்டினியும் என் வாயால் வீணாகிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படிப் பயந்துகொண்டே அடுத்த நாளும் மீன் தின்றேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறாம் நாள் நரூமா கடற்கரையில் எங்கள் சூரசங்காரம். அம்மா மணலில் படத்தை வைத்துக் கற்பூரம் கொளுத்தப் பார்த்தார், காற்று விடவில்லை. மறைப்புக்கு அப்பா குடையை விரித்தார். குடை அவர் கையை உதறிக்கொண்டு கரை வழியே உருண்டு ஓட, அப்பா பின்னால் ஓட, "சூரன் ஓடுறான், விடாதையுங்கோ அத்தான்!" என்று கத்திக்கொண்டு மாமாவும் ஓடினார். கடைசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் நாய்தான் சூரனை மடக்கியது. அம்மா சிரிக்கமுடியாமல் சிரித்து மணலில் இருந்துவிட்டார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நான் மச்சம் சாப்பிட்டனான்" என்று அழத் தொடங்கினேன். "மூண்டாம் நாளிலையிருந்து. மாமாவும்."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"மாமா சாப்பிட்டவரோ?"

"ஓம்."

"எத்தினை துண்டு?"

"முதல்நாள் மூண்டரை. பிறகு நாலு, நாலு. இண்டைக்கு அஞ்சு."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா கடல் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு என்னை இழுத்து மடியில் இருத்தி, "ஒண்டுமில்லை குஞ்சு. நீ சொன்னதெண்டு மாமாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தம்பி பழையபடி வயிறாரச் சாப்பிடவேண்டும் என்பதுதான் அந்த வருட விரதத்துக்கு அம்மா வைத்த நேர்த்தி என்று எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன. அவர் பட்டினி கிடந்து முருகனிடம் கேட்டுக்கொண்டிருந்த வரத்தை, நாலு நாளாக நான்தான் அவரிடமிருந்து ஒளித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.