எண்பத்து நான்கு பொட்டுகள்

போன வாரம் என் பழைய லேப்டாப்பில் ஒரு பொத்தான் உள்ளே அமுங்கி மேலே வர மறுத்துவிட்டது. மூடித் திறந்தேன். மின்கம்பியைப் பிடுங்கினேன், பேட்டரியைக் கழற்றினேன், நூறு வரை எண்ணி மறுபடி மாட்டினேன். மசியவில்லை. கோவை காந்திபுரத்து ரிப்பேர் கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பட்டனை மட்டும் கழட்ட முடியாதுங்க சார், கீபோர்டையே மாத்தோணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழட்ட முடியாதாம்! ஒரே ஊதலில் ஒன்பது பட்டன் பறந்ததைக் கண்ணால் பார்த்தவனிடம் சொல்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லில் அலுவலகக் கணக்கு என் பொறுப்பு. முதலாளி ஒரு லேப்டாப் வாங்கி வந்தார். நூல் எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்றே கால் கிலோ. பொத்தான்கள் எண்பத்து நான்கு. எதைக் கண்டாலும் எண்ணிவிடுவேன். என் மனைவி வெண்டைக்காய்ப் பையைப் பிரிக்காமலே சமையலறைக்குள் கொண்டு போவது அதனால்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு லேப்டாப்பையும் திறந்து வைத்தோம். அரைத்த சந்தனமும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை இப்போதும் எனக்குப் பண்டிகை வாசனைதான். பொட்டு வைப்பது, நூல் சுற்றும் வைண்டிங் பிரிவு மரகதம். மெஷின், ஏணி, ஸ்டேப்ளர், முதலாளியின் கார், எதையும் விடமாட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. நானும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் ஆர்டர் கொடுக்கலாம் என்று திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் பத்து மணிக்கு வருகிறார். அவர் கேட்கும் அளவுக்கு அங்கேயே விலை போட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும் லேப்டாப்பில்தான். ஆர்டர் தவறினால் ஒரு ஷிப்டை நிறுத்துவதாக முதலாளி சொல்லியிருந்தார். அது மரகதத்தின் ஷிப்ட்.

காலையில் போய்ப் பார்த்தால் எண்பத்து நான்கு பொத்தான்களிலும் பொட்டு! சந்தனம் இடுக்குகளில் வழிந்து காய்ந்திருந்தது.

"ஏனம்மணி, மேல ஒண்ணு வெச்சாப் பத்தாதா?"

"அதெப்படிங்க சார்? ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம உட்டா, உட்டது கோவிச்சுக்காதுங்களா?"



சுவிட்சைத் தட்டினேன். 'பீ...' என்று ஓயாமல் அலறியது. பொத்தான் ஏதாவது அமுங்கிக் கிடந்தால் அப்படித்தான் கத்தும். பேட்டரியைக் கழற்றி, நூறு எண்ணி, மாட்டினேன். பீ... ஈரத்துணியால் துடைத்தேன். பீ... ஃபிட்டர் ராமசாமி எட்டிப் பார்த்து, "சங்கு ஊதுதுங்களே, ஷிப்ட் முடிஞ்சுபோச்சுங்களா சார்?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

முதலாளி வந்தார். "காத்தடிச்சுப் பாருங்க" என்றார். எங்கள் மில்லில் எந்தக் கோளாறுக்கும் முதல் வைத்தியம் அதுதான். பஞ்சுத் தூசியை ஊதுவதற்கென்று ஒரு காற்றுக் குழாய் உண்டு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வைண்டிங்குக்கு ஓடினோம். ராமசாமி குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். சந்தனம் பறந்தது. கூடவே ஒன்பது பொத்தான்களும் பறந்து பஞ்சுக்குள் விழுந்தன.

"ஐயோ, பல்லு போச்சுங்க! பல்லு போச்சுங்க!" என்று மரகதம் கத்த, மொத்தப் பிரிவும் குனிந்து தேடியது. முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். எட்டு கிடைத்தன. என்டர் மட்டும் காணோம். ஆனால் அலறல் நின்றிருந்தது!

என்டர் இருந்த பள்ளத்தில் ஒரு ரப்பர் மொட்டு தெரிந்தது. விரலால் அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கியது. பேனா மூடியால் குத்தினால் ஒழுங்காக வேலை செய்தது. திருப்பூர்க்காரர் எதிரே அமர்ந்து, நான் தட்டித் தட்டிக் குத்துவதையே பார்த்தார்.

"ஏனுங்க, அதைய மட்டும் பேனாவுலதான் தொடோணுங்களா?"

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி அசரவில்லை. "ஆமாங்க. வெல முடிவு பாருங்க, கையெழுத்து மாதிரி. வெறுங்கையில தொடறதில்லீங்க."

வந்தவர் பயபக்தியோடு தலையாட்டினார். விலை படிந்ததும், "அப்பக் கடைசிக் குத்த நானே குத்தறனுங்க" என்று பேனாவை வாங்கிக் குத்தினார். ஆர்டர் எங்களுக்கு! வாசலில் நின்றிருந்த மரகதம் உள்ளே தலையை நீட்டினார். "நாந்தான் சொன்னனில்லீங்க சார், ஒண்ணையும் உடக்கூடாதுன்னு." விட்டால் அடுத்த வருடம் இரண்டிரண்டாக வைப்பார் போலிருந்தது.

அந்த லேப்டாப் சில வருடங்களில் பழைய இரும்போடு போனது. அப்புறம் மில்லும் மூடப்பட்டது. மெஷின்களை ஏற்றிய நாளில், வைண்டிங் மெஷினை நகர்த்தியதும் மரகதம் குனிந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என்டர். ஓரத்தில் மிச்சமிருந்த சந்தனம் வெடித்து, குங்குமம் கறுத்திருந்தது.

"எம்பத்தி நாலும் சரியாப் போச்சுங்க சார்" என்றார்.

இப்போது மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். போன வாரம் கடையிலிருந்து திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து, அந்தப் பொத்தானை எடுத்து மேசைமேல் வைத்து அழுத்திப் பார்த்தேன். அலறுவதற்கு எதுவும் இல்லை.