துண்டு போடாத இடம்

எங்கள் அப்பா ஆண்டவரைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டார். கேட்பதோடு விட்டாலும் பரவாயில்லை, பதிலையும் அவரே வகுத்துக் கொடுத்துவிடுவார். உமக்குச் சித்தமானால் இப்படி நடக்கட்டும், இல்லையென்றால் அப்படி நடக்கட்டும் என்று இரண்டே வழிதான். மூன்றாவதாக ஏதாவது சொல்ல ஆண்டவர் நினைத்தாலும் அப்பாவின் ஜெபத்தில் அதற்கு வழி கிடையாது. அரிசி மண்டியில் எடை போடுமிடத்தில் வேலை பார்த்தவர் அவர். தராசில் ஏற்றாமல் ஒரு மூட்டையையும் நம்பமாட்டார். அந்தப் பழக்கம் மேலே வரைக்கும் போய்விட்டது என்று அம்மா சொல்வாள்.

ஒருமுறை குளத்துக்குப் பக்கத்தில் நல்ல வீடொன்று வாடகைக்கு வந்தது. வீட்டுக்காரர் தாமாகவே காபி கொடுத்தால் அந்த வீடு நமக்கு என்று அடையாளம் கேட்டுக்கொண்டு அப்பா பார்க்கப் போனார். அந்த மனிதர், வெயில் நேரமாயிற்றே என்று மோர் கொடுத்துவிட்டார். அப்பா மோரைக் குடித்து, நன்றி சொல்லி, வீடு வேண்டாம் என்று வந்துவிட்டார். அடுத்த கோடையில் எங்கள் தெருவே தண்ணீருக்கு அலைந்தபோது அந்த வீட்டுக் கிணறு மட்டும் வற்றவில்லை. அங்கேயே போய்த் தண்ணீர் சேந்திக்கொண்டு வந்த அம்மா, ஒவ்வொரு குடத்தையும் இடுப்பிலிருந்து இறக்கும்போது "மோரு, மோரு" என்று முணுமுணுப்பாள். அப்போது மட்டும் அப்பாவுக்குக் காது கேட்காது.

இப்படிப்பட்ட அப்பாவிடம்தான் அக்காவின் படிப்பு வந்து மாட்டிக்கொண்டது. தொண்ணூறுகளில் ஒரு வருஷம். அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்ஸ் படிப்புக்கு வேலூரில் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், போகாவிட்டால் அடுத்து காத்திருப்பவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே வேறு ஆசை கிடையாது. என் பொம்மைக்கு அவள் போடாத ஊசி இல்லை.

பெரியப்பா குறுக்கே நின்றார். அவர் எங்கள் சபையில் மூப்பர். அவர் வாயிலிருந்து வந்தால் அப்பாவுக்கு அது வேதவாக்கு. "நர்ஸ் படிச்ச பொண்ண எவன்டா கட்டுவான்? ராத்திரி டூட்டி, ஆம்பள வார்டுன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான். யோசிச்சிக்கோ" என்று ஒருநாள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். அண்ணன் பேச்சைத் தட்டவும் முடியவில்லை, மகளின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. சாப்பாட்டைப் பிசைந்தபடியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

புறப்பட வேண்டியதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் குடும்ப ஜெபத்தில், எல்லோரும் முழங்காலில் நின்றுகொண்டிருந்தபோது, அப்பா தீர்ப்பைச் சொன்னார்.

"நாளைக்கு வேலூருக்குப் போற மொத பஸ்ஸு. அதுல ஒனக்கு உக்கார எடம் கெடைச்சா ஆண்டவரு போகச் சொல்றாருன்னு அர்த்தம். கெடைக்கலைன்னா திரும்பி வந்துடலாம்."

அன்று பௌர்ணமி. மலையைச் சுற்ற வரும் கூட்டம் ஊர் தாங்காத அளவுக்குப் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. விடிய விடிய நடந்தவர்கள் அத்தனை பேரும் விடிந்ததும் வந்து நிற்பது பஸ் ஸ்டாண்டில்தான். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் பஸ்ஸில் உட்கார இடம் கேட்பவனை ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். "கேக்கறதுதான் கேக்கறீங்க, நிக்க எடம் கெடைச்சா போதும்னு கேக்கக் கூடாதா?"

"மனுஷனால முடியறத கேக்கறதுக்கு ஆண்டவரு எதுக்கு?" என்றார் அப்பா. அக்கா தலை குனிந்தபடியே இருந்தாள். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் என் பங்குக்கு, மலை சுற்றுகிறவர்கள் எல்லோரும் பாதி வழியில் அடி அண்ணாமலைப் பக்கமே களைத்துப் படுத்து மத்தியானம் வரை தூங்கவேண்டும் என்று ஊக்கமாக ஜெபித்தேன்.

ஒருவரும் தூங்கவில்லை என்று காலையில் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. நெற்றி நிறைய விபூதியும் வெறுங்காலுமாக ஜனம். பஸ் உள்ளே நுழையும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ செருப்பையோ இருக்கையில் எறிந்துவிட்டால் அந்த இடம் எறிந்தவருக்குச் சொந்தம். எங்கள் ஊரில் இந்தச் சட்டத்தை மீறியவர் யாருமில்லை. அம்மா முன்யோசனையாக ஒரு பூத்துண்டைக் கொண்டுவந்திருந்தாள். அவள்தான் அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக இருந்தது. அப்பாவுக்கு மண்டியில் லீவு இல்லை.

அப்பா துண்டைப் பார்த்துவிட்டார். "அத உள்ள வை. துண்டு போட்டுப் புடிச்சா அது நாம புடிச்ச எடம். ஆண்டவரு குடுத்ததாவாது."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டை மடித்து உள்ளே வைத்தாள். வேலூர் பஸ் வந்தது. நிற்பதற்குள் ஜன்னல்கள் எல்லாம் துண்டுமயமாகிவிட்டன. ஆட்கள் ஓடினார்கள், இடித்தார்கள், ஒரு பையன் ஜன்னல் வழியாகவே உள்ளே போனான். அந்தக் களேபரத்தின் நடுவே எங்கள் குடும்பம் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸையே பார்த்தார். கண்மூடித் திறப்பதற்குள் பஸ் நிறைந்துவிட்டது. உட்கார்ந்தவர்களைவிட நின்றவர்கள் ஜாஸ்தி.

அப்பா பெருமூச்சு விட்டார். முதுகிலிருந்து மூட்டையை இறக்கியவரின் முகம் அப்போது அவருக்கு. "போலாம்மா. ஆண்டவரு பேசிட்டாரு" என்றார்.

அக்கா குனிந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கினாள். வீட்டுப் பக்கம் திரும்புவாள் என்று நான் நினைத்தேன். அவள் நேராகப் போய்ப் பின்பக்கப் படியில் ஏறினாள்.

"எங்கம்மா ஏர்ற? எடம் இல்ல!"

"நிக்க எடம் இருக்குப்பா."

"நாம கேட்டது உக்கார்ற எடம்!"

"அது நீங்க கேட்டதுப்பா. ஏர்றதுக்கு எனக்குத் தைரியம் குடுன்னு நான் கேட்டேன். குடுத்துட்டாரு."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "பஞ்சாயத்தெல்லாம் ஊட்ல வச்சிக்கோங்க சார்" என்றார். அம்மா என் கையைப் பிடித்து அப்பாவின் கையில் வைத்தாள். பிறகு அவளும் ஏறிவிட்டாள். எங்கள் வீட்டில் அப்பாவின் அடையாளத்தை மீறி ஒரு காரியம் நடந்தது அதுவே முதல் தடவை. ஆண்டவர் வேண்டாம் என்று சொல்லியும் அக்கா போகிறாளே, பஸ் எங்கேயாவது கவிழ்ந்துவிடுமோ என்று பயந்தேன்.

பஸ் புறப்படவில்லை. முன்னால் இன்னொரு பஸ் வழியை அடைத்திருந்தது. அப்பா என்னை இழுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துப் போனார். நடுவில் ஓர் இருக்கையில் நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ராவெல்லாம் நடந்த பாதங்கள் வீங்கிப்போயிருந்தன. அவள் பக்கத்தில்தான் அக்கா பெட்டியோடு நசுங்கிக்கொண்டிருந்தாள்.

"பொட்டியத் தூக்கினு எங்க போற கண்ணு?"

"நர்ஸுக்குப் படிக்கப் போறேம்மா."

அவ்வளவுதான். அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "வா, இங்க குந்து. எங்க ஊர்ல ஒரு ஊசி போடக்கூட ஆளு இல்ல. படிக்கப் போற புள்ள நின்னுக்கினா போவும்? நான் போளூர்ல எறங்கிடுவேன், குந்து." அக்கா மாட்டேன் என்றாள். அவள் விடவில்லை, தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தாள். மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

அப்பா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தார். அக்கா மெதுவாக, "நாங்க வேதக்காரங்கம்மா" என்றாள்.

"அப்படியா? சரி, ஒன் சாமி ஒன்னப் பாத்துக்கும்" என்று பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த அம்மாள் வெறுங்கையை அக்காவின் தலையில் வைத்தாள்.

விசில் ஊதியது. பஸ் நகர்ந்தது. அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சிரித்தும் அழுதும் ஆட்டினாள். அப்பா இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, தொண்டை கிழிய, "அல்லேலூயா!" என்று கத்தினார். சுற்றிலும் சாய்ந்தும் படுத்தும் கிடந்த கூட்டம், யாரோ கோஷம் போடுகிறார்கள் என்று பழக்கதோஷத்தில் "அரோகரா!" என்றது. அப்பா இன்னொரு முறை கத்தினார். அதற்கும் பதில் வந்தது. நானும் சேர்ந்து குதித்தேன். அவ்வளவு சந்தோஷமான காலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மா வேலூர் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனாளாம். அவளுக்காக யாரும் அடையாளம் கேட்டிருக்கவில்லை.

அக்கா படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், அவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளைகளில் பெரியப்பா கொண்டுவந்ததே இரண்டு. அவருக்குச் சர்க்கரை முற்றியபோது, கை வலிக்காமல் போடுவாள் என்று அவர் ஊசிக்குத் தேடியதும் அவளைத்தான். அதெல்லாம் பிற்பாடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அப்பா எழுந்தார். பௌர்ணமிக் கூட்டத்தைச் சொன்னார், துண்டு போடாமல் நின்றதைச் சொன்னார். "அத்தன ஜனத்துல, ஆண்டவரு எம் பொண்ணுக்குன்னு ஒரே ஒரு எடத்த வச்சிருந்தாரு. அதப் பாத்துட்டுதான் அவ ஏறினா" என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. முதல் வரிசையில் இருந்த பெரியப்பாவுக்கு வேறு வழியில்லை, எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னார்.

எனக்கு இடித்தது. அம்மாவின் முந்தானையை இழுத்து, "அக்கா ஏறினதுக்கு அப்புறம்தானே எடம் கெடைச்சுது? அப்பா மாத்திச் சொல்றாரு" என்றேன்.

அம்மா தொடையில் கிள்ளினாள். "சும்மா இரு. அவரு நம்மகிட்ட சொல்லல, ஆண்டவர்கிட்ட பேசினு இருக்காரு."

அப்பா அங்கேயே நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இடம் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து நான் கைதட்டினேன். பஸ் ஸ்டாண்டில் "போலாம்மா" என்று தன் வாயால் சொன்னதை அவர் அத்தனை பேர் முன்னிலையில் ஆண்டவரிடம் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.