ஹீட்டர் மேல் காயவைத்த பற்றரி

போன சனிக்கிழமை என் குளிர் கோட்டின் வலது கையில் ஓர் ஓட்டை விழுந்தது. பெரிய ஓட்டை அல்ல... ஒரு டொலர்க் குற்றி அளவுதான். ஆனால் சுற்றிவரக் கறுப்பு. வாங்கி இரண்டு குளிர்காலம்கூட ஆகாத கோட்.

எப்படி விழுந்தது என்று மனைவி மூன்று தரம் கேட்டுவிட்டாள். மூன்று தரமும் "ஒரு சின்ன விபத்து" என்று சொல்லித் தப்பினேன். உங்களிடம் அப்படித் தப்ப முடியுமா? கிழமைக்குக் கிழமை நான் சொல்வதை நம்பி வாசிக்கிறவர்கள் நீங்கள். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் கணவர் மரியதாஸ். மன்னார்க்காரர். மொன்ட்ரியால்-நோரில் வீடு, ஊர் முழுக்கப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மச்சான். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை — சிகரெட். முப்பது வருடப் பழக்கம்.

நான் வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் தொட்டதில்லை. ஆகவே அதை எப்படி விடுவது என்று மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு நிறைய வரும். மச்சான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் பல்கனிக்குப் போய் ஒன்று பற்றவைப்பார்.

கடைசியில் அவரை மாற்றியது நான் அல்ல. அவருடைய ஒரே மகள் அனிற்றா. சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற கார்டெரியில் அவளுக்கு வேலை. இலையுதிர்காலத்தில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே தகப்பனிடம் சொல்லிவிட்டாள். சிகரெட் மணத்தோடு பிள்ளையைத் தொட முடியாது. ஞானஸ்நானத்தன்று பிள்ளையைக் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு வருவது அப்பாதான். ஆனால் அன்றுவரை ஒரு சிகரெட்கூடப் பிடித்திருக்கக் கூடாது. பிடித்தால் அவளுடைய மாமனார் தூக்குவார்.

சொன்னதோடு விட்டாளா? இல்லை. தகப்பன் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் முதலில் கோட்டைக் கழற்றவேண்டும், பிறகு கையைக் கழுவவேண்டும், அதன்பிறகு அவள் சட்டைக் காலரில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பாள். மூன்றிலும் தேறினால்தான் பிள்ளை கைக்கு வரும். கார்டெரியில் பழகிய ஒழுங்கு.

மச்சான் நிக்கொட்டின் கம் மென்று பார்த்தார். விக்கல். தோளில் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தார். சொறி. முடிவில் வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவருடையது பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு குழாய். மேலே திரவம் ஊற்றும் சின்னத் தொட்டி, கீழே பற்றரி. பற்றரியின் அடியில் திருகுகிற மாதிரி ஒரு வளையம் இருக்கிறது. திருகினால் வோல்ட்டேஜ் கூடும், குறையும். கூட்டினால் ஆவி அடர்த்தியாக வந்து தொண்டையைப் பிடிக்கும், குறைத்தால் மெதுவாக வரும். முப்பது வருடம் சிகரெட் பிடித்த தொண்டைக்கு எது வேண்டும் என்று கேட்கவும் வேண்டுமா? வளையம் எந்நேரமும் உச்சத்தில்தான் நின்றது.

வேப் நல்ல சாமான் என்று நான் எழுதுவதாக யாரும் நினைக்கவேண்டாம். அனிற்றாவும் அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டாள். சிகரெட்டிலிருந்து இறங்க ஒரு படி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படியில் மச்சான் மூன்று மாதமாக வழுக்காமல் நின்றார். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது... கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஞானஸ்நானம். முதல்நாள் பின்னேரம் நாலு மணிபோல வேலை முடித்து, வானைக் கம்பனியில் விட்ட கையோடு மச்சான் நோத்ர-டாம்-த-கிரேசில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்ற்றுக்கு வந்தார். வெளியே மைனஸ் பதினெட்டு. மனைவி கோயிலில் பாடகர் குழுவோடு பயிற்சியில் இருந்தாள். நான் தேத்தண்ணி போட்டு, மட்டன் ரோல்ஸ் சூடாக்கி வைத்தேன். மச்சான் ரோல்ஸைத் தொடவில்லை. வேப்பை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலமை முழுச் சார்ஜோட வெளிக்கிடுறன், மச்சான். பத்து மணிக்கே செத்துப் போகுது. பிறகு பின்னேரம் வரைக்கும் வெறும் வாய். இண்டைக்கு ரெண்டு தரம் டெப்பனர் வாசல்ல வானை நிப்பாட்டிப்போட்டன்."

டெப்பனர் என்றால் இங்கே தெருமுனைப் பெட்டிக்கடை. பால், பாண், பியர் எல்லாம் இருக்கும். சிகரெட்டும் இருக்கும்.

அவர் பயந்துபோயிருந்தார். மூன்று மாதம் கட்டிக் காத்தது கடைசி நாளில் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களைக் கடந்து வந்தவன் நான். பற்றரியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை! டோர்ச் லைற் மங்கினால் பற்றரியைக் கழற்றி வெயிலில் காயவைப்போம். இன்னும் இரண்டு நாளுக்கு எரியும். சின்னப் பற்றரி என்றால் பல்லால் ஒரு கடி கடிப்போம். அதற்கும் ஒரு செய்தி கேட்கிற அளவுக்கு ரேடியோ பாடும். பற்றரி என்றால் வேறொன்றும் இல்லை, சூடு காட்டினால் உயிர் வரும் — இதுதான் என் முப்பத்தைந்து வருட விஞ்ஞானம்.

"குளிர் ஏறியிருக்கு, மச்சான். கொஞ்சம் காயவைச்சா எல்லாம் சரி" என்றேன்.

மச்சானாவது மறுத்திருக்கலாம். அவரும் மன்னாரில் கூரைத் தகரத்தில் பற்றரி காயவைத்து வளர்ந்தவர். உடனே தலையாட்டிவிட்டார். தை மாதத்து மொன்ட்ரியாலில் வெயிலுக்கு எங்கே போவது? சுவரோரம் நீளமாகக் கிடந்த மின்சார ஹீட்டரின் தகட்டின் மேல் பற்றரியைக் கழற்றி வைத்தேன். கெதியாகக் காயட்டும் என்று சுவரில் இருந்த சூடு கூட்டும் திருகியையும் உச்சத்துக்குத் திருகிவிட்டேன். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதை இதுதான்.

மச்சான் ஆறுதலாக ரோல்ஸ் சாப்பிடத் தொடங்கினார். இரண்டாவது ரோல்ஸில் கை வைத்தபோது ஒரு சத்தம் கேட்டது. சூடான எண்ணெயில் தண்ணீர்ச் சொட்டு விழுந்த மாதிரி "ஸ்ஸ்ஸ்..." என்று. அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு நூர்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் ஹீட்டரின் மேல் பற்றரியின் தோல் சுருங்கி, ஒரு நுனியால் புகை வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் எரிகிற மணமும் ஏதோ மருந்து மணமும் கலந்த ஒரு மணம்.

அந்த நேரத்தில் மூளை எங்கே வேலை செய்கிறது? கதிரையில் கிடந்த என் கோட்டின் கையால் பற்றரியைப் பிடித்தேன். மச்சான் அடுப்பில் இருந்த இரும்புத் தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் போட்டு, பல்கனிக்குக் கொண்டுபோய்ப் பனியின் நடுவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். இரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தாச்சியையே பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் புகை அடங்கியது.

"முதலுக்கே மோசம்" என்றார் மச்சான். ஏசியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நிமிட நடையில் ஒரு வேப் கடை இருக்கிறது. விழுந்தடித்துக்கொண்டு போனோம். போகிற போக்கில் குற்ற உணர்ச்சியில் சமையலறையிலிருந்து ஒரு பிடி கராம்பை அள்ளி மச்சானின் கையில் திணித்தேன். வாய்க்கு ஏதாவது வேண்டுமே? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. பச்சை நிறத் தலைமயிரோடு ஒரு பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கல்லாவும் மூடியாயிற்று, கணினியும் மூடியாயிற்று, இனி நாளை மதியம்தான் என்றாள். நாளை மதியம் என்றால் ஞானஸ்நானம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனாலும் எங்கள் முகத்தைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ஹீட்டர் என்ற இடம் வந்ததும் அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

பிறகு விசாரணை. எந்தப் பையில் கொண்டு திரிகிறீர்கள்? கோட்டின் வெளிப்பையில். வளையம் எங்கே நிற்கிறது? உச்சத்தில். எதில் சார்ஜ் போடுகிறீர்கள்? வேப்போடு வந்த வயரைப் புதுப் போனுக்கு வந்த வேகச் சார்ஜரில் செருகி. எப்போது? குளிருக்குள் இருந்து வந்ததும் வராததுமாகச் செருகினால் விடியும்வரைக்கும். எங்கே? இதை மொழிபெயர்க்க நான் சற்றுத் தயங்கினேன். மச்சான் வீட்டில் மாதா சுரூபத்துக்கு ஒரு மின்விளக்கு உண்டு. அந்தப் பிளக்கை மட்டும் யாரும் கழற்றமாட்டார்கள். ஆகவே வேப்பும் மாதாவின் காலடியில்தான் சார்ஜ் ஆகிறது.

கன்னி மரியாள் தீயணைப்பு வேலை பார்ப்பதில்லை, மெஸ்யூ என்றாள் அவள்.

குளிரில் நின்றபடியே அவள் சொன்னதன் சுருக்கம் இது. பற்றரி செத்தது ஒரே நாளில் அல்ல. குளிரில் எந்தப் பற்றரிக்கும் பலம் குறையும், அதை உடம்போடு ஒட்டின உள்பையில் வைக்கவேண்டும். வோல்ட்டேஜைக் கூட்டக் கூட்டச் சார்ஜ் கெதியாகத் தீரும், நடுவில் வைத்துப் பழகலாம். உறைந்துபோய் வந்த பற்றரிக்கு உடனே சார்ஜ் போட்டால் உள்ளே பழுதாகும், சும்மா மேசையில் ஒரு மணித்தியாலம் கிடக்கவிட்டாலே போதும், அறைச் சூடு தானாக ஏறும். வேகச் சார்ஜர் இதற்கு ஆகாது, அதற்கென்று உள்ளதையே பாவிக்கவேண்டும். விழித்திருக்கும்போது கண்ணெதிரே போட்டு, பச்சை லைற் வந்ததும் கழற்றிவிடவேண்டும். தோல் கிழிந்தாலோ நசுங்கினாலோ தொட்டுப் பார்க்கச் சுட்டாலோ அதோடு அதன் கதை முடிந்தது. குப்பையில் எறியாமல் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிடவேண்டும்.

"சூடு காட்டுறது?" என்று மெல்லக் கேட்டேன். அது உங்கள் பழைய டோர்ச் பற்றரிக்கு, இது லித்தியம் என்றாள். புகை வந்ததைக் கையால் பிடித்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனமாம். ஆட்களை வெளியே எடுத்து, கதவைச் சாத்தி, தீயணைப்புக்குப் போன் பண்ணியிருக்கவேண்டுமாம். என் முப்பத்தைந்து வருட விஞ்ஞானம் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

திரும்பி நடந்தோம். மூலையில் டெப்பனர். மச்சான் நின்றார்.

"நீ நட, மச்சான். நான் பேந்து வாறன்."

நான் நடக்கவில்லை. அவர் உள்ளே போனார். கண்ணாடி முழுக்க நீராவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது? அந்தப் பற்றரியைக் கொன்றவன் நான். நாளைக்கு மாமனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக, மச்சான் பின்னால் வெறும் கையோடு நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். அழுகை வரும்போல இருந்தது.

கதவு திறந்தது. மச்சான் கையில் ஒரு பால் பை.

"சிகரெட் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது" என்றார். "கல்லாவில நிண்ட பெடியன் என்ன வேணுமெண்டு கேட்டான். பால் எண்டு சொல்லிப்போட்டன். அவள் காலரை மணந்து பாக்கிறதெண்டால் என்னில இன்னும் நம்பிக்கை இருக்கெண்டுதானே, மச்சான்? நம்பிக்கை இல்லாட்டி மணக்கவே மாட்டாள். பிள்ளையைத் தராமலே விட்டிருப்பாள்."

என் வாழ்க்கையில் அறிவுரை சொல்லாமல் விட்ட மிகச் சில நேரங்களில் அது ஒன்று. அவர் கராம்பைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் கோயில் வாசல். அனிற்றா பிள்ளையோடு நின்றாள். மச்சான் கோட்டைக் கழற்றினார், கழுவின கையைக் காட்டினார், கழுத்தை நீட்டினார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, நித்திரை கொள்ளவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் காலரில் மூக்கை வைத்தாள். இரண்டாம் தரமும் வைத்தாள்.

"கராம்பு மணக்குது, அப்பா" என்றாள். பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

மச்சான் பிள்ளையோடு உள்ளே நடந்தார். ஒரு பற்றரியும் இல்லாமல்தான் நடந்தார். நானும் ஒரு தரம் தூக்கிப் பார்க்கலாமே என்ற ஆசையில் சடங்கு முடிந்து வெளியே வந்ததும் இரண்டு கையையும் நீட்டினேன். அனிற்றா குறுக்கே வந்து என் கோட்டின் வலது கையைப் பிடித்து மணந்தாள். கறுத்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா... இந்த வயசிலயோ?"

மச்சான் என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று அவருடைய கண் கேட்டது. வேண்டாம் என்று தலையாட்டினேன். சொன்னால் அன்றைய நாள் முழுக்கப் பற்றரிக் கதையாகப் போய்விடும். அது மச்சானுடைய நாள்.

ஆகவே, வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் தொடாத நான், கோட்டைக் கழற்றிக் கையில் வைத்தபடி, ஆறடி தள்ளி நின்று பிள்ளையைப் பார்த்தேன்.