சந்தனப் பொட்டு வைத்த தடைப்பெட்டி

பத்தாவதோடு பள்ளியை விட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியாளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு வராது. வேலை வரும்.

தாராவியில் நானும் தம்பியும் ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுதுபார்க்கிறோம். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியிலிருந்து பழைய தடைப்பெட்டி ஒன்று வந்திருந்தது. மேல்பலகையில் பித்தளைக் கட்டைகள், அவற்றின் இடைவெளிகளில் பித்தளைச் செருகிகள். ஒரு செருகியை உருவினால் அதனடியில் உள்ள கம்பிச்சுருளின் தடை சேரும். எல்லாவற்றையும் செருகிவிட்டால் தடை ஏறக்குறைய பூஜ்யம். இது சரியாக வந்தால் மீதிப் பெட்டிகளையும் தருவேன், இல்லாவிட்டால் எல்லாம் பழைய சாமான் எடுக்கும் பங்கார்காரனுக்கு என்று அந்தக் கல்லூரி ஆய்வுக்கூட மேடம் சொல்லியிருந்தார். இன்னும் நெடுநாள் உழைக்கிற பெட்டிகள். எடைக்குப் போக விட எனக்கு மனமில்லை.

வேலையை முடித்து ஆயுத பூஜைக்கு வைத்தோம். விஜயதசமி காலையில் மீட்டரில் கோத்தேன். எல்லாச் செருகியும் உள்ளே இருந்தும் எண் பூஜ்யத்துக்கு இறங்காமல் ஆடியது.

"ஏல, இத என்ன செஞ்ச?"

"புளி போட்டு விளக்குனேன்க்கா. பித்தளைய அழுக்கோடயா சாமி முன்னால வைப்பாவ? ஒவ்வொண்ணுக்கும் சந்தனப் பொட்டும் வச்சேன்."

"எல்லாத்தையும் ஒரே தட்டுலயா போட்டு கழுவுன?"

"பின்ன, ஆளுக்கொரு பக்கெட்டா குடுப்பாவ?"

துளைகளுக்குள் சந்தனம் காய்ந்திருந்தது. அதைவிட மோசம், செருகிகள் இடம் மாறியிருந்தன. பல காலம் திருகித் திருகி ஒவ்வொன்றும் அதன் துளைக்கென்றே தேய்ந்திருக்கும்; வேறு துளையில் முழுதாகப் பிடிக்காது.

"மேடம் சாயங்காலம் வாராவளே. நாளைக்கு வரச் சொல்லட்டா?" என்றான்.

"நக்கோ, வேண்டாம். வரட்டும்."

மூங்கில் குச்சியில் துணி சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துத் துளைகளைத் துடைத்தேன். ஒரு செருகியில் பென்சில் கரியைத் தேய்த்துத் துளையில் திருகி எடுப்பேன். கரி சுற்றிலும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் அதன் வீடு அதுதான். ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் அடுத்த துளை. கடைசிச் செருகியையும் துடைத்துப் போட்டபோது மேடம் படியேறிவிட்டார்.

"என்ன, சந்தனம் மணக்கறது?"

தம்பி என்னைப் பார்த்தான். வழக்கமாகப் பேசுபவன் அவன்தான். அன்று நான் பேசினேன். பொட்டு, புளி, தட்டு என நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, "இப்ப சரியா இருக்கு, நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எங்காத்துல மைக்ரோவேவுக்குப் பொட்டு வெச்சு பட்டனே ஒட்டிண்டுடுத்து!" உட்கார்ந்து ஒவ்வொரு செருகியாக உருவிப் பார்த்தார். திரும்பச் செருகும்போது அழுத்தி லேசாகத் திருகினார், தெரிந்த கை. எண் எங்கும் ஆடவில்லை. தம்பியிடம், "அடுத்த வருஷம் பொட்டு பெட்டிக்கு வெளியில, சரியா?" என்றார்.

மறுநாள் மீதிப் பெட்டிகள் டெம்போவில் வந்தன. ஒன்றில் இரண்டு செருகிகள் இல்லை.