சஹனில் போட்ட வரப்பு

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த அன்றே, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் என் கையைப் பிடிக்கவில்லை, போனைத்தான் பிடித்தாள். சாப்பிடும் முன் தட்டைப் போட்டோ எடுத்தால், அதில் என்ன இருக்கிறது, எத்தனை கலோரி என்று சொல்லும் ஒரு செயலியை அதில் ஏற்றினாள். அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. நான் எடுப்பதெல்லாம் அவள் போனிலும் தெரியும்.

"மூணு செவப்பு வுழுந்துச்சுன்னா, நீங்க கெளம்பி என் வூட்டுக்கு வந்துரணும் வாப்பா. அப்புறம் என் கண்ணு முன்னாடிதான் சாப்பாடு."

"உனுக்கு மூணு வுழுந்துச்சுன்னா?"

அவளும் அதே செயலியைக் கேட்டுத்தான் சாப்பிடுகிறாள். சிரித்தாள். "நான் மூட்டயக் கட்டிக்கினு இங்க வந்துர்றேன். போதுமா?"

அவள் வீடு ஏழாவது மாடியில். நானோ கடைத்தெருவில் மீன் வலை விற்கிறவன். காலையில் நாலு பேரிடமாவது சண்டை போட்டால்தான் எனக்குப் பொழுது விடியும். ஏழாவது மாடியில் யாரோடு சண்டை போடுவது? உள்ளபடியே பயந்துவிட்டேன்.

முதல் சிவப்பு நண்டால் வந்தது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் போட்டோ ஞாபகம் வந்தது. சரி, ஓடாவது இருக்கிறதே என்று அந்தக் குவியலை எடுத்தேன். நான் தின்றது மூன்று. அது எட்டு என்றது. என் மனைவி தின்ற ஓடும் அதில்தான் கிடக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்காக ஒரு வார்த்தை பேசாமல் விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது நியாயமான சிவப்பு. பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் பரோட்டா. யாருக்கும் தெரியாமல் தின்னப் போன இடத்தில், கை பழகிப்போய் நானே போட்டோ எடுத்துவிட்டேன். என்னைப் போல் ஒரு மடையனை மாவட்டத்திலேயே தேட வேண்டும்.

அப்புறம் ஒரு மாதம் ஓட்ஸும் கீரையுமாக ஒழுங்காக இருந்தேன். அப்போது பார்த்துச் சிநேகிதர் வீட்டில் கல்யாணம். லீவு இல்லை என்று மகள் வரவில்லை.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு. அகலமான ஒரே தட்டில் பிரியாணியைக் கொட்டி, நடுவில் கறியை வைப்பார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நல்ல துண்டு கண்ணில் பட்டால் தன் பக்கம் இழுக்கக் கூடாது, அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். அது மரியாதை. தள்ளிய துண்டை அவர் திருப்பி அனுப்பவும் கூடாது, தின்றாக வேண்டும். அது அதைவிடப் பெரிய மரியாதை.

என் சஹனில் என் மச்சான், ஒரு தையல்காரர், காட்டூரில் நெல் பயிரிடும் ஒரு விவசாயி. நான் போனை நீட்டினேன். ஒருவர் சாப்பாடு, நாலாயிரத்துச் சொச்சம் என்றது செயலி. அமுக்கினால் மூன்றாவது சிவப்பு என்று, அமுக்காமலே போனைப் பின்னால் இழுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா பாய் இம்மாம் பயம்?" என்றார் விவசாயி. "நாலு பங்குதான? வரப்பு போட்டா தீந்துது." விரலாலேயே பிரியாணியில் குறுக்கும் நெடுக்குமாக அழகாக வரப்பு எடுத்தார். என் பங்கு மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்தேன்.

"அய்ய, பாய் பங்குல கறியே இல்லியே" என்று தையல்காரர் ஒரு துண்டைத் தள்ளினார். மறுபடி போனைச் சாய்ப்பதற்குள் மச்சான் ஒரு முட்டையை உருட்டிவிட்டார். "ஒரு மாசமா ஓட்ஸு துன்றாரு, பாவம்" என்று விவசாயி நெஞ்செலும்பை, தான் போட்ட வரப்பைத் தானே உடைத்துக்கொண்டு என் பக்கம் அனுப்பினார்.

"தள்ளாதீங்கய்யா!" என்று கத்தினேன். பரிமாறுகிறவர் ஓடி வந்தார். யாருமே வாயில் வைக்காததைப் பார்த்து, கறி போதவில்லை என்று முடிவு செய்து, ஓர் அகப்பை கறியை என் பங்கிலேயே கொட்டிவிட்டுப் போனார்.

திருப்பித் தள்ள முடியாது. மறைத்துத் தின்னவும் மனசு வரவில்லை. போட்டோ எடுத்து அமுக்கினேன். சிவப்பு. பிறகு அத்தனையையும் தின்றேன். பொய் சொல்லக் கூடாது, அந்தச் சிவப்பு ரொம்ப ருசியாக இருந்தது.

கை கழுவுவதற்குள் போன் அடித்தது. "மூணாச்சு வாப்பா."

சென்னைக்கு மடவை மீன் வாங்கிக்கொண்டு போனேன். மறுநாள் மதியம் மேஜையில் இரண்டு தட்டு, தட்டுக்கு ஒரு துண்டு பொரித்த மீன். அவள் தட்டை அவள் பார்த்தாள், என் தட்டை நான் பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்தும் தனியாகச் சாப்பிடுவது போலிருந்தது. துக்கமாக வந்தது. அவள் போனை எடுக்கும்போது, என் கை தன்னால் போய் என் துண்டை அவள் தட்டில் தள்ளியது.

எனக்குப் பச்சை. அவளுக்குச் சிவப்பு.

"இன்னா வாப்பா இது!"

"துன்னும்மா. திருப்பக் கூடாது."

சின்ன வயதில் சஹனில் என் மடியில் உட்கார்ந்து தின்ற பெண்தானே. முறைத்துக்கொண்டே தின்றாள். அடுத்த நாளும் தின்றாள். மூன்றாம் நாள் தட்டை இடது கையால் மறைத்துக்கொண்டாள். போட்டோ எடுக்கக் கையை எடுத்துத்தானே ஆக வேண்டும்? காத்திருந்தேன்.

"மூணாச்சும்மா. மூட்டயக் கட்டு" என்றேன்.

கல்யாணத்துக்குக் கிடைக்காத லீவு அன்றைக்குக் கிடைத்தது.