பஸ் ஏறாத காலை

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் எனக்குச் செய்ததை மறைத்து வைத்திருக்க மனம் வரவில்லை.

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம் என் வேலை போயிற்று. கல்முனைக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில், பின்நேரங்களில் சாக்குத் தைக்கும் அரைநாள் வேலை. விடுமுறை முடிந்து போனபோது என் இடத்தில் மெஷின் நின்றது. யாரிலும் பிழை இல்லை. மெஷின் என்னைவிட நேராகத் தைத்தது.

பெருநாளுக்குப் பங்காக வந்த குர்பான் இறைச்சி தீரும்வரை வீட்டில் குறை தெரியவில்லை. பிறகு சோறும் சம்பலும். பிறகு ஒரு வேளைச் சோறு மட்டும். என் மனைவி பரீதா வளர்த்த கோழிகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. சின்ன மகள் முட்டை கேட்டபோது, "கோழி ஊருக்குப் போயிரிக்கி மகள்" என்றாள். நான் கேட்காத கடை இல்லை. வேலை கிடைக்கவில்லை.

என்னிடம் ஒரு பழைய வியாதி உண்டு. வேலை போனால் பேக்கைத் தூக்கிவிடுவேன். பொலன்னறுவை, கொழும்பு, கட்டார் என்று அப்படித்தான் திரிந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். புறப்படும் ஆணுக்குப் பூட்டிவிட்டுப் போக ஒரு கதவுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் "யா அல்லாஹ், ஒரு வழியைக் காட்டு" என்று கேட்பேன். பஸ் வந்தால் அதுதான் வழி என்று ஏறிவிடுவேன். கடைசியாகப் போய் இரண்டு வருடம் கழித்து வந்தபோது, மூத்த மகள் என்னை மாமா என்று கூப்பிட்டாள்.

இந்தமுறையும் ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு முன்பே பேக்கை எடுத்தேன். பரீதா அழவில்லை.

"போறதெண்டா போங்க மச்சான். ஆனா இந்தமுறை புள்ளைகளுக்கு நான் பொய் சொல்லமாட்டன். வாப்பா விட்டுட்டுப் போயிட்டார் எண்டுதான் சொல்லுவன்."

கடற்கரைப் பள்ளியில் தொழுதேன். வழக்கம்போல வழி கேட்டேன். அதற்கு மேல், "என் கால் என் பேச்சைக் கேட்காது ரப்பே. நீதான் பிடித்து நிறுத்த வேண்டும்" என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கரைக்குப் போய் நின்றேன். கரையில் நின்றே இழுக்கும் பெரிய வலையான கரவலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் குறைவு. கயிற்றின் முன்னால் நின்ற பெரியவர் என்னைப் பார்த்துச் சத்தமிட்டார்.

"பேக்கோட நிக்கிற தம்பி! மீன் பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? கயித்தப் புடிங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் பேக்கை மணலில் வைத்துவிட்டுப் பிடித்தேன். கரவலையில் கயிறு பிடித்தவர் எல்லோருக்கும் மீனில் பங்கு உண்டு.

கரவலை இழுப்பவன் கடலைப் பார்த்தபடி பின்னால் நடக்க வேண்டும். நான் அப்படி நடந்து பழகாதவன். ஒவ்வோர் அடியும் ஊர்ப்பக்கம், வீட்டுப்பக்கம் போனது. வீதியில் பஸ் ஹோர்ன் கேட்டது. திரும்பினேன்.

"கிறுகிப் பாக்காதீங்க தம்பி, கயிறு தளருது!"

பஸ் போய்விட்டது. என் கை கயிற்றிலேயே இருந்தது. அப்போதுதான் பள்ளியில் ரப்பிடம் நான் கேட்டது நினைவு வந்தது. கண் எரிந்தது, உப்புத் தண்ணீர் பட்டது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

வலை நிறைந்து வழியவில்லை. சூடை மீனும் கொஞ்சம் கீரி மீனும்தான். என் பங்கைக் கொண்டுபோகப் பாத்திரம் இல்லை. பேக்கில் இருந்த உடுப்புகளை ஒரு சாரனில் மூட்டையாக முடிந்துகொண்டு, மீனைப் பேக்கில் போட்டேன்.

"நாளைக்கும் வருவீங்களா?" என்றார் பெரியவர். அவர் பெயர் ஆதம்பாவா என்று பிறகு அறிந்தேன். மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம்.

"ஓம் காக்கா."

பரீதா கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். பேக்கைத் திறந்து பார்த்தாள்.

"இந்த நாத்தத்தோட இனி உங்கள எந்த பஸ்ஸிலயும் ஏத்தமாட்டானுகள்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஒரு வருடம் தாண்டிவிட்டது. கடல் அமைதியாக இருக்கும்போது வலை. மாரியில் கடல் கொந்தளித்தால் சவளக்கடைப் பக்கம் வயல் வேலை. பணக்காரனாகவில்லை. மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது. மூத்தவள் என்னை வாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

உங்களில் யாருக்காவது வாசல் அடைத்துவிட்டதென்றால் அல்லாஹ்விடம் வழி கேளுங்கள். கேட்டதும் ஓடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். யாராவது கூப்பிடுவார்கள். கேலியாகக் கூப்பிட்டாலும் போய்க் கை கொடுங்கள்.

அந்தப் பேக் எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.