பார்க்காத இரண்டாவது சிடி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எனக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தத் தெரியாத ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒருவனைத் திருத்தக் கிளம்பினேன். என் மூளையின் லட்சணம் அவ்வளவுதான்.

வாடகை சிடியில் படம் பார்த்த காலம், ஒரு படத்துக்கு இரண்டு சிடி. மணலியில் வேலை, எர்ணாவூரில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பேச ஃபேன் மட்டும்தான், அதுவும் கரண்ட் இருந்தால்.

பக்கத்து வீட்டில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். நின்றிருந்த லாரியில் பேட்டரி திருடி மாட்டிக்கொண்டு, ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். தெருவே அவனைக் கண்டால் கதவைச் சாத்தும். என் அறையில் படச் சத்தம் கேட்டால், "உள்ள வரலாமாணா?" என்று வந்து நிற்பான். வேறு யாரும் என் கதவைத் தட்டியதே இல்லை என்பதால், எனக்கு அவன் வி.ஐ.பி. நடுவில் வேர்க்கடலையைக் கொட்டிக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் படம் பார்ப்போம்.

ஒரு ஞாயிறு பழைய கௌபாய் படம் கிடைத்தது. குதிரை திருடும் பையனை ஒரு பெரியவர் திருத்துகிற கதை என்றார் கடைக்காரர். விடுவேனா? முதல்முறையாக நானே போய் அவனைக் கூப்பிட்டேன்.

படம் தொடங்கியதும் மொழிபெயர்ப்பும் தொடங்கியது. பெரியவர் 'குட் மார்னிங்' சொன்னால்கூட, "பாத்தியா, திருடாதேங்கிறார்" என்றேன். குதிரை கனைத்ததற்கும் ஓர் அறிவுரை வைத்திருந்தேன்.

"குதுரகூடவா சொல்து?" என்று சிரித்தான்.

முதல் சிடி முடியப்போகும் நேரம், படத்தில் அந்தப் பையன் ஜெயிலில் அழுதபோது ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். "உன்னை மாதிரியே இருக்கான்ல?"

கையிலிருந்த கடலையைத் திரும்பக் காகிதத்தில் போட்டான். "இதுக்குத்தான் இட்டாந்தியா? நீ ஒருத்தன்தான் அத்தப் பத்திப் பேசாம இருந்த."

போய்விட்டான். இரண்டாவது சிடியைப் போட்டேன், உடனே எடுத்துவிட்டேன். அடுத்தடுத்த ஞாயிறுகளில் சத்தத்தைக் கூட்டி வைத்து, கதவை அகலத் திறந்து வைத்தேன். டேங்கர் லாரிப் புகை வந்தது, அவன் வரவில்லை. சில மாதங்களில் அவர்கள் வீட்டையே காலி செய்துவிட்டார்கள்.

ஆறேழு வருடம் கழித்து, திருவொற்றியூர் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறானாம். அவனே டீ வாங்கிக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், வந்தது வேறு: "அந்தப் படம் எப்படி முடிஞ்சுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுடா."

இப்போதும் யாராவது என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அறிவுரை நாக்கு நுனிவரை வரும். அன்று லாரியில் ஏறிக்கொண்டே அவன் சொன்னதுதான் அதை உள்ளே தள்ளுகிறது.

"நீ கம்முனு இருந்திருந்தா ரெண்டு பேரும் பாத்திருப்போம்ணா."